ஹென்றி ரோலின்ஸ் பேசுவதை ஏன் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார்கள்?

மேடையில் ஒரு மைக் மட்டும் இருக்கும். நாற்காலி கிடையாது, தண்ணீர் பாட்டில் கிடையாது, குறிப்புத் தாளும் கிடையாது. கறுப்பு டீ-ஷர்ட் போட்ட, கழுத்து தடித்த, கையெல்லாம் பச்சை குத்திய ஒரு மனிதர் விறுவிறுவென்று நடந்து வருவார். மைக் வயரைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொள்வார், ஒரு காலை முன்னால் ஊன்றி குத்துச்சண்டைக்கு நிற்பது மாதிரி நிற்பார், கைதட்டல் அடங்குவதற்குள் பேச்சு தொடங்கிவிடும். இடைவேளை இல்லை. இரண்டு மணி நேரம், சில ராத்திரி இரண்டரை மணி நேரம், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசிவிட்டு, வந்த வேகத்திலேயே உள்ளே போய்விடுவார்.

அவர் ஹென்றி ரோலின்ஸ். 1980களில் அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் இசையை, அதாவது ராக் இசையிலேயே வேகமும் ஆவேசமும் கூடின வகையை, முன்னின்று நடத்திய பிளாக் ஃபிளாக் குழுவின் பாடகர், அப்புறம் ரோலின்ஸ் பேண்ட். ஆனால் அவர் ரசிகர்களில் கணிசமானவர்களைக் கேட்டால் பாட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள். "அந்த ஐகி பாப் கதை கேட்டிருக்கியா?" என்றுதான் தொடங்குவார்கள், ஐகி பாப் பங்க் இசைக்கு முன்னோடியான பாடகர். அந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டவர்கள்கூட மறுபடி கேட்கிறார்கள், அதே இடத்தில் மறுபடி சிரிக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஒரு ராக் பாடகரின் பேச்சுக்கு ஏன் இப்படி ஒரு பிரியம் என்பதை எனக்குத் தெரிந்தவரை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இது ஸ்டாண்ட்-அப் காமெடி கிடையாது. ஸ்டாண்ட்-அப்பில் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது சிரிப்பு வந்தாக வேண்டும், வராவிட்டால் மேடையில் நிற்பவருக்கு வியர்க்க ஆரம்பித்துவிடும். ரோலின்ஸ் செய்வது ஸ்போக்கன் வேர்ட் என்ற வகையில் வரும். கவிதை வாசிப்பிலிருந்து கிளம்பி, தன் அனுபவத்தை நின்று பேசுவது வரைக்கும் எல்லாவற்றையும் அந்தப் பெயருக்குள் அடக்குவார்கள். அவர் இதை வெறுமனே 'டாக்கிங் ஷோ' என்றுதான் சொல்வார், அதாவது பேச்சு நிகழ்ச்சி. இதில் பத்து நிமிஷம் சிரிப்பே வராமல் போகலாம், ஒரு சாவைப் பற்றிப் பேசலாம், அடுத்த ஐந்து நிமிஷம் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கலாம். எது எப்போது வரும் என்று கூட்டத்துக்குத் தெரியாது, அந்தச் சுதந்திரம்தான் இந்த வடிவத்தின் பலம்.

அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்தால்தான் பேச்சு ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும். 1961 பிப்ரவரி 13 அன்று வாஷிங்டன் டி.சி.யில் பிறந்தார், இயற்பெயர் ஹென்றி கார்ஃபீல்ட். அந்தப் பிறந்த தேதியையே, 2.13.61 என்று, பின்னால் தன் பதிப்பகத்துக்குப் பெயராக வைத்தார். சின்ன வயசிலிருந்தே நெருங்கிய நண்பர் இயன் மெக்காய், பிற்பாடு மைனர் த்ரெட், ஃபுகாஸி குழுக்களைத் தொடங்கியவர். இரண்டு பேரும் சேர்ந்து ரெக்கார்டு வாங்குவது, கச்சேரிக்குப் போவது, வீட்டுக்கு வந்து அதையே பேசிக்கொண்டிருப்பது என்று வளர்ந்தவர்கள். ரோலின்ஸ் மேடை ஏறியது அதற்கெல்லாம் அப்புறம்தான், அதுவரைக்கும் முழுக்க முழுக்க ரசிகர். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத்தான் வரப்போகிறேன்.

கல்லூரியில் ஒரே ஒரு செமஸ்டர் படித்துவிட்டு விட்டுவிட்டார். கிடைத்த சின்னச் சின்ன வேலைகளைச் செய்து, கடைசியில் ஜார்ஜ்டவுனில் ஹாகன்-டாஸ் ஐஸ்க்ரீம் கடையில் மேனேஜர் ஆனார். 1981இல் நியூயார்க்கில் பிளாக் ஃபிளாக் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு காரை ஓட்டிக்கொண்டு பார்க்கப் போனார். காலையில் கடை திறக்க வேண்டும், திரும்பிப் போக ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் 'க்ளாக்ட் இன்' என்ற பாட்டைத் தான் பாடட்டுமா என்று கேட்டார், அது வேலைக்குப் போவதைப் பற்றிய பாட்டு. பாட விட்டார்கள். பாடிவிட்டு ஐஸ்க்ரீம் கடைக்குத் திரும்பிவிட்டார். கொஞ்ச நாளில் குழுவிலிருந்து அழைப்பு வந்தது, பாடகராகச் சேருகிறாயா என்று. வேலையை விட்டார், காரை விற்றார், லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டார். அப்போது வயது 20.

பேச்சு மேடைக்கு வந்ததும் கிட்டத்தட்ட இதே மாதிரி எதிர்பாராமல்தான். 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் ஹார்வி குபர்னிக் என்பவர் வாசிப்பு நிகழ்ச்சிகள் நடத்திக்கொண்டிருந்தார். கவிஞர்கள், இசைக்காரர்கள் என்று நிறையப் பேர் வந்து ஆளுக்குச் சில நிமிஷம் பேசுவார்கள், வாசிப்பார்கள். குபர்னிக் ரோலின்ஸிடம், உனக்குத்தான் வாய் அதிகமாச்சே, அடுத்த தடவை நீயும் ஏறு, பத்து நிமிஷம் பேசினால் பத்து டாலர் தருகிறேன் என்றாராம். ரோலின்ஸ் பேட்டிகளில் பல தடவை சொல்லியிருக்கும் கதை இது. ஏறினார், எழுதி வைத்திருந்ததை வாசித்தார், நேரம் மிச்சமிருந்தது. சரி என்று, முந்தின நாள் ரிகர்சலில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்: வெள்ளை இனவெறி பிடித்த ஒருவன் தங்கள் கிடாரிஸ்ட் மேல் காரை ஏற்றப் பார்த்தது. அவருக்கு அது சாதாரண சமாச்சாரம், பிளாக் ஃபிளாக் வாழ்க்கையில் வாரம் ஒரு கலாட்டா நடக்கும். கேட்டவர்களோ வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் அடுத்து எப்போது பேசுவீர்கள் என்று கேட்டார்கள்.

அவர் முறை அன்றைக்கே முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன். எழுதி வைத்த கவிதையை விட நடந்ததைச் சொன்னதுதான் எடுபட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அவர் செய்வது அதுதான், எங்கேயோ போகிறார், ஏதோ நடக்கிறது, வந்து சொல்கிறார்.

பிளாக் ஃபிளாக் கச்சேரிகள் எப்படி நடந்தன என்று தெரியாதவர்களுக்கு அந்தப் பேச்சின் ருசி பாதிதான் கிடைக்கும். கூட்டம் பாடகர் மேல் எச்சில் துப்பும், குத்தும், சிகரெட்டால் சுடும். சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, ஒரு வேனுக்குள் கருவிகளோடு கருவிகளாகப் படுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அந்த வருஷங்களில் அவர் எழுதிய டைரிதான் 1994இல் 'கெட் இன் தி வேன்' என்ற புத்தகமாக வந்தது. அதை அவரே வாசித்த ஒலிப்பதிவுக்கு 1995இல் கிராமி விருது கிடைத்தது, பேச்சு ஆல்பம் பிரிவில். அதே வருஷம் ரோலின்ஸ் பேண்டின் 'லையர்' பாட்டும் மெட்டல் பிரிவில் பரிந்துரையில் இருந்தது. அது சவுண்ட்கார்டன் என்ற ராக் குழுவிடம் தோற்றது. பாட்டுக்குக் கிடைக்காத கிராமி பேச்சுக்குக் கிடைத்தது என்பதை ரசிகர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்கள்.

இப்போது சிரிப்புக்கு வருவோம். அவர் ஜோக் சொல்வதில்லை. அவருடைய சிரிப்பு முக்கால்வாசி அவர் கோபத்திலிருந்து வருகிறது. பார்த்தால் பயமாக இருக்கும் ஆள், சிங்கம் மாதிரி மேடையில் கத்தியவர், விமான நிலையத்து வரிசையில் முன்னால் நிற்பவர் சில்லறை தேடுவதைப் பார்த்து உள்ளுக்குள் எப்படி வெந்து போகிறார் என்பதை நொடி நொடியாக விவரிப்பார். 1993இல் வந்த 'தி பாக்ஸ்ட் லைஃப்' என்ற இரட்டை ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். விமானம், ஹோட்டல் அறை, ஜெட் லாக் என்று எதையெடுத்தாலும் ஊர் சுற்றுகிற தொழிலாளியின் அலுப்பு. அந்த அலுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதி, கடைசியில் ஒரு கப் காபி கிடைக்காத விஷயம் உலகப் போர் அளவுக்குப் பெரிதாகிவிடும். ஆனால் அந்தப் போரில் அவர் ஒருநாளும் ஜெயிக்க மாட்டார். எல்லாக் கதையிலும் அடி வாங்குவது அவர்தான். அத்தனை தசையும் பச்சையும் வைத்துக்கொண்டு ஒரு கவுண்டர் பெண்ணிடம் தோற்றுப் போய் நிற்பார்.

இரண்டாவது, கிளை பிரிவது. ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேறொன்று ஞாபகம் வந்து அதற்குள் போவார், அதற்குள்ளிருந்து இன்னொன்றுக்குப் போவார். இருபது நிமிஷம் கழித்து நாமே முதல் கதையை மறந்திருப்போம், அவர் மட்டும் விட்ட இடத்தில் விட்ட வார்த்தையிலிருந்து எடுப்பார். கையில் தாள் எதுவும் இல்லாமல் இதைச் செய்கிறார் என்பதுதான் ஆச்சரியம். ரெக்கார்டிங்கில் அந்த இடத்தில் ஒரு தனிச் சத்தம் கேட்கும், கூட்டம் சிரிப்பும் நிம்மதியும் கலந்து விடுகிற மூச்சு. மூன்றாவது, குரல்கள். யாரைப் பற்றிச் சொன்னாலும் அந்த ஆளாகவே மாறிவிடுவார், மிமிக்ரி கலைஞர் அளவுக்குத் துல்லியம் இருக்காது, ஆனால் அந்த ஆளின் வேகம் அப்படியே வந்துவிடும்.

இதெல்லாம் தொழில் நுணுக்கம். நல்ல பேச்சாளர்கள் வேறு பலருக்கும் இது கைவரும். ரோலின்ஸ் மேல் இருக்கிற பிரியத்துக்குக் காரணம் வேறு என்பது என் கணிப்பு. அவருடைய ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கதைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஐகி பாப் கதை, வில்லியம் ஷாட்னர் கதை, தி ரட்ஸ் கதை. மூன்றிலுமே ரோலின்ஸ் நட்சத்திரம் இல்லை, ரசிகர். தனக்குப் பிடித்தவர் முன்னால் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிற ரசிகர்.

ஐகி பாப் கதையின் சாரம் இதுதான். ரோலின்ஸ் பேண்டுக்கு ஐகிக்கு முன்னால் வாசிக்கும் வாய்ப்பு வருகிறது. ஐகி அவரை விட ஏறக்குறைய 14 வயது மூத்தவர், பங்க் என்ற பேரே வருவதற்கு முன்னால் தி ஸ்டூஜஸ் குழுவோடு அதைச் செய்துகாட்டியவர். ரோலின்ஸின் முதுகு முழுக்க ஒரு பெரிய சூரியனைப் பச்சை குத்தியிருக்கிறார், அதன் மேலே 'சர்ச் அண்ட் டிஸ்ட்ராய்' என்று எழுதியிருக்கும். அது ஐகியின் பாட்டு, 1973இல் வந்தது. அதாவது தன் தோலிலேயே ஐகியின் பாட்டைச் சுமந்துகொண்டு திரிகிற மனிதர், அன்றைக்கு ஐகியை மேடையில் வீழ்த்திக் காட்டுவது என்று முடிவு கட்டுகிறார். உயிரைக் கொடுத்து வாசிக்கிறார்கள். இதற்கு மேல் ஒருத்தன் என்ன செய்துவிட முடியும் என்கிற நினைப்போடு இறங்குகிறார். ஐகி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு மேடைக்குப் போகிறார். போன சில நொடிகளில் ரோலின்ஸ் குழு அங்கே வாசித்ததற்கான அடையாளமே இல்லாமல் போய்விடுகிறது.

இது அத்தோடு முடிந்தால் சாதாரணக் கதை. விடாமல் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்கிறார், இன்னும் பயிற்சி, இன்னும் வெறி, மறுபடி மோதுகிறார், மறுபடி அதே கதி. ஒவ்வொரு தடவையும் அவர் திட்டம் போடும் விதத்தைச் சொல்லும்போது குரல் ராணுவத் தளபதி மாதிரி ஏறும், ஐகி மேடைக்குப் போகும் இடம் வந்ததும் அந்தக் குரல் பத்து வயசுப் பையனுடையதாகிவிடும். ஐகி சட்டையில்லாமல் மேடைக்கு ஓடுவதை அவர் உடம்பாலேயே செய்துகாட்டுவார், இடுப்பை ஒடித்து, கையை எங்கேயோ வீசி. அதைப் பார்க்கும்போது தோற்ற வருத்தத்தைத் தேடினால் கிடைக்காது. தோற்றதில் அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில் இருக்கும், தான் கும்பிட்டவர் கும்பிடத் தகுதியானவர்தான் என்று நிரூபணமாகிவிட்ட சந்தோஷம்! யாருக்காவது ரசிகராக இருந்த எவருக்கும் அந்த முகம் புரியும்.

ஷாட்னர் கதை வேறு மாதிரி. 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கேப்டன் கிர்க்காக நடித்த அவர் 2004இல் 'ஹாஸ் பீன்' என்று ஒரு ஆல்பம் செய்தார், தயாரித்தது பென் ஃபோல்ட்ஸ். அதில் ஒரு பாட்டில் ஷாட்னரும் ரோலின்ஸும் தங்களுக்குப் பிடிக்காத விஷயங்களை மாறி மாறிக் கத்துவார்கள், பின்னால் ஏட்ரியன் பெலுவின் கிடார் அலறிக்கொண்டிருக்கும். ஷாட்னருக்கு அப்போது 73 வயது. ஸ்டூடியோவில் அந்தப் பெரியவரின் உற்சாகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தான் திணறியதையும், அப்புறம் அவர் பழகின விதத்தையும் ரோலின்ஸ் மேடையில் சொல்லுவார். ஷாட்னர் மாதிரியே நிறுத்தி நிறுத்தி, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டுப் பேசிக் காட்டுவார். அதில் கேலி இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஆனால் பாட்டி வீட்டுக் கதையில் தாத்தாவைக் கேலி செய்கிற மாதிரி, பிரியம் முழுசாக உள்ளே இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தி ரட்ஸ் கதைதான். ரட்ஸ் என்பது லண்டன் பங்க் குழு, 1979இல் 'பாபிலான்ஸ் பர்னிங்' பாட்டால் பேர் வாங்கியவர்கள். அவர்கள் பாடகர் மால்கம் ஓவன் 1980 ஜூலையில் ஹெராயினால் இறந்துபோனார். ரோலின்ஸும் மெக்காயும் பையன்களாக இருந்தபோது உயிராக நேசித்த குழு அது. 2007இல் அந்தக் குழுவின் கிடாரிஸ்ட் பால் ஃபாக்ஸுக்கு நுரையீரல் புற்றுநோய். அவருக்காக லண்டன் இஸ்லிங்டன் அகாடமியில் ஜூலை 16 அன்று ஒரு உதவிக் கச்சேரி. 27 வருஷத்துக்கு அப்புறம் குழு மேடை ஏறுகிறது, ஓவன் இடத்தில் பாட ரோலின்ஸ். எந்தப் பாட்டை அறைக்குள் கண்ணாடி முன்னால் பாடிப் பார்த்து வளர்ந்தோமோ அதை அந்தப் பாட்டின் சொந்தக்காரர்களோடு பாடுவது, அதுவும் செத்துப்போனவருடைய இடத்தில் நின்று பாடுவது. அதில் வருகிற பயத்தை அவர் சொல்லும்போது ஊரே சிரிக்கும். அந்த மேடைக்குப் பின்னால் ஒருவர் செத்துக்கொண்டிருக்கிறார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஃபாக்ஸ் அதே வருஷம் அக்டோபரில் இறந்தார். ஒரே கதைக்குள் இந்த இரண்டையும் வைத்து, ஒன்று இன்னொன்றைக் கெடுக்காமல் கொண்டு போவது சுலபமான காரியமில்லை.

அந்தக் கனம் அவருக்குச் சும்மா வந்ததும் இல்லை. 1991 டிசம்பர் 19 அன்று ராத்திரி, லாஸ் ஏஞ்சலஸ் வெனிஸ் பகுதியில் அவரும் நெருங்கிய நண்பர் ஜோ கோலும் கடைக்குப் போய்விட்டு வீடு திரும்பியபோது வாசலிலேயே ஆயுதத்தோடு வழிமறித்தார்கள். கோலைச் சுட்டுக் கொன்றார்கள், ரோலின்ஸ் தப்பித்தார். அதற்கு அப்புறம் வந்த பதிவுகளைக் கேட்கும்போது பேச்சில் ஒரு மாற்றம் தெரிகிறது. முன்னே வெறுப்பைக் காட்டிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர், மெதுவாக ஆட்களின் மேல் அக்கறை வைத்துப் பேச ஆரம்பித்தார். நண்பனைப் பற்றி அவர் மேடையில் பேசியபோது முதலில் வந்ததெல்லாம் அவனோடு அடித்த லூட்டிகள், செய்த கோமாளித்தனங்கள். சாவு வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து செத்தவரின் குறும்புகளைச் சொல்லிச் சிரித்துவிட்டு, பாதிச் சிரிப்பில் ஒருத்தர் குரல் உடைந்து போகுமே, அது மாதிரி.

2003க்குப் பிறகு அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் நடத்தும் யு.எஸ்.ஓ. அமைப்பின் மூலம் இராக், ஆப்கானிஸ்தான் என்று அமெரிக்க ராணுவ முகாம்களுக்குப் போய்ப் பேசினார். இராக் போரை வெளிப்படையாக எதிர்த்தவர் அவர். அப்புறம் ஏன் போகிறாய் என்று கேட்டவர்களுக்கு, போரை முடிவு செய்தது அந்தப் பையன்கள் இல்லையே என்பதுதான் அவர் நிலைப்பாடு. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கை கால் போன வீரர்களைப் பார்த்ததையும் பேசியிருக்கிறார். அந்த இடத்தில் அவர் தன்னைத்தான் சின்னதாக்கிக்கொள்வார், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்ன பேசுவதென்று தெரியாத மனிதராக. ஒரு மணி நேரம் சிரிக்க வைத்தவர் சொல்கிறார் என்பதால்தான் கூட்டம் அதையும் முகத்தைத் திருப்பாமல் கேட்கிறது.

இங்கே ஜெல்லோ பியாஃப்ராவை ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. டெட் கென்னடிஸ் பாடகரான அவரும் அதே காலத்தில் பேச்சு மேடைக்கு வந்தவர், ஒரு ஆல்பத்தோடு வைத்த போஸ்டருக்காக வழக்கைச் சந்தித்தவர், 1987இலேயே பேச்சு ஆல்பம் போட்டவர். கூர்மையான ஆள். ஆனால் அவரைக் கேட்டுவிட்டு வரும்போது ஒரு அரசியல் கூட்டத்துக்குப் போய்வந்த உணர்வு இருக்கும். ரோலின்ஸைக் கேட்டுவிட்டு வரும்போது ஊர் சுற்றிவிட்டு வந்த அண்ணனிடம் கதை கேட்ட உணர்வு. எனக்கு இரண்டாவதுதான் நெருக்கம்.

குறையே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. ஆரம்பகாலப் பதிவுகளில், 1980களின் கடைசியில் வந்தவற்றில், சில இடங்கள் இன்றைக்குக் கேட்க முடியவில்லை. யாரையாவது பிடிக்காது என்றால் அதை வைத்தே பத்து நிமிஷம் ஓட்டுவார், அதில் சிரிப்பை விட வன்மம் அதிகம். பிற்காலத்தில் வேறு பிரச்சினை, சில ராத்திரிகளில் அறிவுரை கொஞ்சம் கூடிவிடும், பேச்சுக்குள் ஆபிரகாம் லிங்கன் அடிக்கடி உதாரணமாக வந்துவிடுவார். 2014இல் நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் தற்கொலை செய்துகொண்டு இறந்தபோது, தற்கொலை செய்துகொண்டவர்களைக் கடுமையாகச் சாடி ஒரு பத்தி எழுதினார். அவர் ரசிகர்களே கொதித்துப் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் மனச்சோர்வோடு போராடும்போது இவர் குரலைப் பிடித்துக்கொண்டு கரையேறியவர்கள், அதனால்தான் அது அவ்வளவு வலித்தது. அவர் மழுப்பாமல் மன்னிப்புக் கேட்டார், தனக்கும் வாழ்நாள் முழுக்க அந்தச் சோர்வு உண்டு என்பதையும் எழுதினார். அன்றைக்கு விட்டுப் போனவர்களும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2000களின் பாதிக்கு அப்புறம் அவர் பாடுவதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் காலையில் எழுந்தபோது எழுத இனி பாட்டு எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்துவிட்டது, அதனால் நிறுத்திவிட்டேன் என்பதுதான் அவர் சொல்லும் காரணம். பழைய பாட்டையே பாடிக் காசு பார்ப்பதில் அவருக்கு விருப்பமில்லை. பாட்டு ரசிகர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. எனக்கு என்னவோ சரியாகவே படுகிறது. இருபது வயசுக் கோபத்தை ஐம்பது வயசில் அதே சுருதியில் கத்துவதற்குக் கொஞ்சம் நடிக்க வேண்டியிருக்கும். பேச்சில் அந்தத் தொல்லை இல்லை, வயசுக்கு ஏற்ற கதை தானாக வந்துகொண்டே இருக்கும். ஐம்பதாவது பிறந்தநாளன்றே மேடையில் நின்று பேசி அதைப் படமாக்கினார். 2012இல் அமெரிக்காவின் மாநிலத் தலைநகரங்களாகப் பார்த்துப் பேசிக்கொண்டே போய், அதிபர் தேர்தலுக்கு முந்தின நாள் சொந்த ஊரான வாஷிங்டனில் முடித்தார். பெரிய குழுக்கள் எட்டிப் பார்க்காத சின்னத் தலைநகரங்களில் உள்ள ரசிகர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அவர்களைத் தேடி அவரே வந்தார்.

நிகழ்ச்சி முடிந்தபின் வெளியே காத்திருப்பவர்களோடு நின்று பேசுவதும், வரும் கடிதங்களுக்குத் தானே பதில் எழுதுவதும் அவருடைய நீண்ட காலப் பழக்கம். மேடையில் ஐகியைப் பற்றி அப்படிச் சொன்னவருக்கு, கதவுக்கு வெளியே குளிரில் நிற்கிறவர் மனசில் என்ன ஓடுகிறது என்பது தெரியாமல் இருக்காது. அவரும் ஒரு காலத்தில் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்தானே.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு: 'தி பாக்ஸ்ட் லைஃப்'பில் தொடங்குங்கள், அதுதான் சிரிப்பு நிறைந்தது. ஆங்கிலம் வேகமாக ஓடும், கெட்ட வார்த்தை தாராளமாக வரும், முதல் பத்து நிமிஷம் தொட்டுத் தொட்டுப் பின்னால் தள்ளிக் கேட்க வேண்டியிருக்கும், அப்புறம் காது பழகிவிடும். அது பிடித்தால் 'கெட் இன் தி வேன்', அதில் சிரிப்பு குறைவு, ஆனால் அந்த வேனுக்குள் என்ன நாற்றம் அடித்தது என்பதுவரை தெரியும். ஐகி பாப் கதையை மட்டும் ஆடியோவில் கேட்காதீர்கள், வீடியோவில் பாருங்கள். பெருந்தொற்றில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபின் 2022இல் மறுபடி கிளம்பியபோது அந்தப் பயணத்துக்கு 'குட் டு சீ யூ' என்று பெயர் வைத்திருந்தார், உங்களைப் பார்த்ததில் சந்தோஷம் என்று. அதிலும் அதே மைக்தான், அதே மாதிரி கையில் சுற்றிய வயர்தான்.